150 லிட்டரும் ஒரு பாலைவனமும்

நான் கழகச் செயற்குழுவில் இருந்த காலத்தில், ஆண்டிதழுக்குக் கட்டுரை கேட்டு முன்னாள் மாணவர்களைத் துரத்துவது என் வேலையாக இருந்தது. இப்போது தம்பி தங்கைகள் என்னைத் துரத்துகிறார்கள். “அமெரிக்கப் பாலைவனத்துக்குப் போய் வந்தீர்களாமே அண்ணா, அதைப் பற்றி எழுதுங்கள்” என்றார்கள். எழுத உட்கார்ந்தபோது பார்த்த இடங்களைவிட ஒரு தண்ணீர்த் தொட்டிதான் முதலில் நினைவுக்கு வந்தது. ஆகவே இது பயணக் கட்டுரை போலத் தொடங்கினாலும் தண்ணீர்க் கணக்காகத்தான் முடியும். பொறுத்தருள்க.

2023 மார்ச் பள்ளி விடுமுறையோடு சில நாள் கூடுதல் விடுப்பும் எடுத்துக்கொண்டு, அரிசோனா மாநிலத்தையும் அதன் எல்லைகளையும் பத்து நாள் சுற்றினோம். நானும் மனைவியும், ஒன்பது வயது மகளும், அறுபத்தொன்பது வயது அப்பாவும் போனோம். “நான் எதுக்குப்பா இந்த வயசுல?” என்று முதலில் மறுத்தவர் அப்பா. அவர் வராமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையில் எழுத ஒன்றும் இருந்திருக்காது.

பாலை என்பது எந்த நிலம்?

தமிழ் படித்த நமக்குப் பாலை புதிதன்று. ஆனால் தொல்காப்பியம் பாலைக்கெனத் தனி நிலம் ஒன்றைச் சொல்லவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டு அடைகிற நிலையே பாலை என்று சிலப்பதிகாரம் விளக்குகிறது. அதாவது, மழை வந்தால் மீண்டுவிடக்கூடிய வறட்சி.

அமெரிக்கத் தென்மேற்கின் வறட்சி நிலையானது. இரண்டு காரணங்களைச் சொல்லலாம். நிலநடுக்கோட்டருகே மேலெழும் ஈரக்காற்று, மழையை அங்கேயே கொட்டிவிட்டு, ஏறத்தாழ 30 பாகை அட்சரேகைப் பகுதியில் வறண்ட காற்றாகக் கீழிறங்குகிறது. சஹாரா உட்பட உலகின் பெரிய பாலைவனங்கள் பல இந்த வரிசையில்தான் இருக்கின்றன. அடுத்து, பசிபிக் கடலிலிருந்து வரும் மேகங்கள் கலிபோர்னியாவின் மலைத்தொடர்களில் மோதி அந்தப் பக்கமே மழையாகப் பெய்துவிடுகின்றன. மலைக்கு இந்தப் பக்கம் இருப்பது மழை மறைவுப் பகுதி. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. பீனிக்ஸ் நகரில் சராசரியாக 200 மில்லிமீட்டருக்கும் குறைவு.

நாங்கள் அதிகம் சுற்றிய சோனோரன் பாலைவனத்துக்கு ஒரு சிறப்பு உண்டு. அங்கே மழைக்காலம் இரண்டு. குளிர்காலத்தில் மெல்லிய மழையும், கோடையின் நடுவில் இடியோடு கூடிய மழையும் பெய்கின்றன. கோடை மழையை அவர்களும் ‘மான்சூன்’ என்றே அழைக்கிறார்கள். குளிர்கால மழை நன்றாகப் பெய்தால் இளவேனிலில் பாலைவனம் பூக்கும். 2023 அப்படிப்பட்ட ஆண்டு.

வீடே வண்டியாக

‘ஆர்வி’ என்பது படுக்கை, சமையலறை, கழிவறை எல்லாம் அடங்கிய இல்ல ஊர்தி. நாங்கள் பீனிக்ஸில் வாடகைக்கு எடுத்தது 25 அடி நீளமுள்ளது. ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஒரு படுக்கை, பின்னால் ஒரு படுக்கை, சாப்பாட்டு மேசையை மடக்கினால் மூன்றாவது படுக்கை. சாலையின் வலப்பக்கம் ஓட்டவேண்டும் என்பதால் முதல் நாள் முழுவதும் “வலது, வலது” என்று மகள் பின்னாலிருந்து நினைவூட்டிக்கொண்டே வந்தாள். பக்கக் காற்று அடித்தால் வண்டி அசையும். ஒரு காலன் பெட்ரோலுக்கு எட்டிலிருந்து பத்து மைல்தான் ஓடும். மலிவான பயணம் என்று யாரும் எண்ணவேண்டாம்.

வண்டியை நிறுத்த இருவகை இடங்கள் உண்டு. கட்டணம் செலுத்தும் முகாம்களில் மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் என்று மூன்றுக்கும் இணைப்புத் தருவார்கள். மற்றொன்று, கூட்டரசுக்குச் சொந்தமான திறந்த நிலம். பல இடங்களில் கட்டணமின்றிப் பதினான்கு நாள்வரை தங்கலாம். அங்கே குழாயும் இல்லை, விளக்கும் இல்லை, அண்டை வீட்டாரும் இல்லை. வண்டியில் கொண்டுபோவதை வைத்துத்தான் வாழவேண்டும்.

மூன்று தொட்டிகள், நான்கு விளக்குகள்

வண்டியின் அடியில் மூன்று தொட்டிகள் இருக்கின்றன. நன்னீர்த் தொட்டியிலிருந்து ஒரு சிறிய மின்விசைக் குழாய் தண்ணீரை ஏற்றித் தரும். பாத்திரம் கழுவிய நீரும் குளித்த நீரும் ‘சாம்பல் நீர்’த் தொட்டிக்குப் போகும். கழிவறை நீர் ‘கருநீர்’த் தொட்டிக்குப் போகும். பிந்தைய இரண்டையும் அதற்கென உள்ள இடத்தில் தடித்த குழாய் பொருத்தி நாமே காலி செய்யவேண்டும். கையுறை அவசியம். முதலில் கருநீரைத் திறந்துவிட்டுப் பிறகு சாம்பல் நீரைத் திறந்தால், அது குழாயைக் கழுவிக்கொண்டு போகும். இந்த வரிசையை மறந்தவர்கள் ஒரு முறைதான் மறப்பார்கள்.

எங்கள் நன்னீர்த் தொட்டி 40 காலன் கொள்ளும். ஏறத்தாழ 150 லிட்டர். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2023இல் சிங்கப்பூரில் ஒருவர் வீட்டில் ஒரு நாளைக்குப் பயன்படுத்திய தண்ணீர் சராசரியாக 140 லிட்டர் அளவில் இருந்தது. அதாவது, நம்மில் ஒருவர் ஒரு நாளில் செலவிடுவது ஏறத்தாழ ஒரு முழுத் தொட்டி. நாங்கள் நால்வர். திறந்த நிலத்தில் மூன்று இரவு தங்கத் திட்டமிட்டிருந்தோம்.

தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்ட நான்கு சிறு விளக்குகள் இருந்தன: காலி, மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு, நிறைவு. இந்த விளக்குகளை நான் பெரிதும் நம்பினேன்.

புறப்படும் நாளில் பேரங்காடியில் மளிகை வாங்கியபோது, அப்பா ஒரு காலன் தண்ணீர்க் கலன்கள் ஆறைத் தனியே வாங்கித் தம் படுக்கைக்கு அடியில் அடுக்கினார். “தொட்டிதான் இருக்கே, எதுக்குப்பா இந்தச் சுமை?” என்றேன். “இருக்கட்டும்” என்றார்.

பூத்த பாலை

பீனிக்ஸிலிருந்து டூசான் போகும் வழியில் பிக்காச்சோ சிகரம் என்ற இடத்தில் மலைச்சரிவு முழுவதும் மஞ்சளும் செம்மஞ்சளுமாகப் பாப்பிப் பூக்கள் பூத்திருந்தன. இவற்றின் விதைகள் பல ஆண்டுகள் மண்ணில் காத்துக் கிடப்பவை. பாலைவனத்தின் ஓராண்டுச் செடிகள் பலவற்றின் விதையுறையில் முளைப்பைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன. அவற்றைக் கழுவிவிடுமளவு மழை பெய்தால்தான் விதை முளைக்கும். ஒரு தூறலை நம்பி அது ஏமாறுவதில்லை. பூத்துக் காய்த்து முடிக்கப் போதுமான நீர் மண்ணில் இறங்கிவிட்டதா என்பதை விதையே அளந்துகொள்கிறது எனலாம்.

டூசானின் இருபுறமும் அமைந்த சவாரோ தேசியப் பூங்காவில் மகளுக்கு மிகவும் பிடித்தது, கை தூக்கி நிற்கும் சவாரோ கள்ளி. நாற்பது அடிக்கு மேல் வளரும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழும். முதல் கிளை விடவே பல இடங்களில் ஐம்பது முதல் நூறு ஆண்டுகள் ஆகும். அதன் தண்டில் மேலிருந்து கீழாக மடிப்புகள் ஓடுகின்றன. மழை பெய்தால் ஆர்மோனியத்தின் துருத்தி போல மடிப்புகள் விரியும். வறட்சியில் சுருங்கும். ஒரு கள்ளியில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதை அதன் உடலைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். அப்பகுதியின் பூர்வகுடிகளான தொஹோனோ ஓ’ஓதாம் மக்கள், கோடை மழைக்குச் சற்று முன் இக்கள்ளியின் பழத்தைப் பறித்து மழையை வரவேற்கும் சடங்கு செய்கிறார்கள். அவர்களுடைய ஆண்டும் அப்போதுதான் பிறக்கிறது.

ஓரிடத்தில் அப்பா நின்று, “இது நம்ம சீமைக்கருவேலம் இல்ல?” என்றார். தாத்தாவின் ஊரான இராமநாதபுரத்துக்குப் போனபோது பார்த்த மரம் அவர் நினைவுக்கு வந்திருக்கிறது. அவர் சொன்னது பெரும்பாலும் சரி. அது மெஸ்கிட் மரம், சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. தமிழ்நாட்டில் நிலத்தடி நீரை உறிஞ்சும் அயல்மரம் என்று வெட்டச் சொல்கிறார்கள். இங்கே அது மண்ணின் மரம். அதன் காயை இடித்து மாவாக்கி உண்பது பூர்வகுடி வழக்கம். டூசான் அருகே ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தில் 53 மீட்டர் ஆழத்தில் மெஸ்கிட் வேரைக் கண்டிருக்கிறார்கள். கள்ளி நீரைச் சேமிக்கிறது, பாப்பி நீருக்காகக் காத்திருக்கிறது, மெஸ்கிட் நீரைத் தேடிப் போகிறது. மூன்றும் தத்தம் கணக்கைத் தவறவிடாமல் வாழ்கின்றன. கணக்கைத் தவறவிட்டவர்கள் நாங்கள்தாம்.

தண்ணீர் தீர்ந்த மாலை

மேற்கு அரிசோனாவில் கோஃபா வனவிலங்குப் புகலிடம் இருக்கிறது. முட்செடிகளுக்கு நடுவே செங்குத்தான மலைகள். நெடுஞ்சாலையை விட்டுச் சற்று உள்ளே, மண்பாதையோரம் வண்டியை நிறுத்தினோம். அருகிலுள்ள ஊரான குவார்ட்சைட் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவு. முதல் மாலை எல்லாரும் குளித்தோம். மகள் வழக்கம்போல் ஏழு நிமிடம் குளித்தாள். நிமிடத்துக்கு ஆறு லிட்டர் என்றாலும் நாற்பது லிட்டருக்கு மேல். மனைவி குழாயைத் திறந்தபடியே அரிசி களைந்தார். நான் பாத்திரங்களை அப்படியே கழுவினேன். விளக்கு ‘மூன்றில் இரண்டு’ என்று காட்டியது. நிம்மதியாக உறங்கினோம்.

மறுநாள் நண்பகலில் ‘மூன்றில் ஒன்று’ என்றது. அந்த விளக்கு, மூன்றில் இரண்டுக்குச் சற்றுக் குறைந்தாலும் அப்படித்தான் எரியும், மூன்றில் ஒன்றாகக் குறைந்தபோதும் அப்படித்தான் எரியும் என்பதை நான் சிந்திக்கவில்லை. மாலையில் மகள் குழாயைத் திறந்தபோது விசைக்குழாய் கடகடவென்று சத்தமிட்டது. இரண்டு முறை காற்றைத் துப்பியது. பிறகு ஒன்றுமில்லை.

இருட்டத் தொடங்கியிருந்தது. அந்த மண்பாதையில் இரவில் 25 அடி வண்டியை ஓட்ட எனக்குத் துணிவில்லை. கைப்பேசியில் அலைவரிசையும் இல்லை. நால்வர் முகத்திலும் ஒரே கேள்வி. அப்போது அப்பா குனிந்து படுக்கைக்கு அடியிலிருந்து ஒவ்வொரு கலனாக எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார். ஆறு கலன்கள், 22 லிட்டருக்குச் சற்று அதிகம்.

“இது போதும். ரெண்டு நாளைக்கே போதும்” என்றார்.

அன்றிரவு சமையலறை அவர் வசமானது. நான்கு கலன்கள் குடிக்கவும் சமைக்கவும். மீதி இரண்டும் மற்ற எல்லாவற்றுக்கும். சாப்பிட்ட தட்டுகளைக் காகிதத்தால் துடைத்துவிட்டு, ஒரு கிண்ணத்து நீரில் அலசி, மற்றொரு கிண்ணத்து நீரில் முக்கி எடுத்தார். அரிசி களைந்த நீரில் கைகழுவினோம். அலசிய நீரைக் கழிவறைக்கு எடுத்து வைத்தார். காலையில் பேத்திக்கு ஒரு குவளை நீரில் முகம், கை, கால் கழுவச் சொல்லிக்கொடுத்தார். குவளையில் கொஞ்சம் மிச்சமும் இருந்தது.

“தாத்தா, இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?” என்று மகள் கேட்டாள்.

அவர் 1963ஐப் பற்றிப் பேசினார். அவ்வாண்டு ஏப்ரல் முதல் மறு ஆண்டு பிப்ரவரி வரை சிங்கப்பூரில் தண்ணீர்ப் பங்கீடு இருந்தது. அப்போது அவருக்கு ஒன்பது வயது. அத்தாப்புக் கூரை வீடு. பொதுக்குழாயில் வரிசை பிடித்து, என் பெரிய அத்தையும் அவருமாக மண்ணெண்ணெய்த் தகரங்களில் நீர் சுமந்திருக்கிறார்கள். “ஒரு தகரம் கொட்டிட்டா அடி விழும்” என்றார். இத்தனை ஆண்டுகளில் இதை அவர் என்னிடம் இவ்வளவு விரிவாகச் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை.

எங்கள் வீவக வீட்டுக் குளியலறையில் அவர் ஒரு வாளியும் குவளையும் வைத்திருப்பார். “பூந்துவாலை குளியல் இருக்கும்போது எதுக்கு இந்த வாளி? வழியை அடைக்குது” என்று நான் பலமுறை சலித்துக்கொண்டதுண்டு. அன்றிரவு அவர் சொன்னார்: “குழாயைத் திறந்தா எவ்வளவு போகுதுன்னு தெரியாதுப்பா. வாளியில இருந்தா கண்ணுக்குத் தெரியும்.”

மூன்றாவது இரவையும் அங்கேயே தங்கினோம். கிளம்பும்போது ஒரு கலன் உடைக்கப்படாமல் இருந்தது.

காகிதத்தில் ஓடிய ஆறு

வடக்கே போகும் வழியில் கொலராடோ ஆற்றைப் பார்த்தோம். இந்த வறண்ட நிலத்தின் ஏறத்தாழ நான்கு கோடி மக்கள் இந்த ஒரே ஆற்றை நம்பி வாழ்கிறார்கள். ஹவாசு ஏரியிலிருந்து 541 கிலோமீட்டர் நீளக் கால்வாய் ஒன்று, மலையேற்றி, பீனிக்ஸுக்கும் டூசானுக்கும் நீர் கொண்டுபோகிறது. எங்கள் தொட்டியில் முதல் நாள் நிரப்பியதிலும் இந்த ஆற்றுநீர் கலந்திருக்கக்கூடும்.

1922இல் ஏழு மாநிலங்கள் கூடி இந்த ஆற்றைப் பங்கிட்டுக்கொண்டன. மேல்பகுதிக்கு 75 இலட்சம் ஏக்கர்-அடி, கீழ்ப்பகுதிக்கும் அதே அளவு. ஒரு ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் நீரே ஓர் ஏக்கர்-அடி. 1944இல் மெக்சிகோவுக்கு மேலும் 15 இலட்சம் ஒதுக்கினார்கள். ஆக 165 இலட்சம். சிக்கல் என்னவென்றால், மழை மிகுந்த சில ஆண்டுகளின் அளவைப் பெரிதும் நம்பிப் பங்கு போட்டுவிட்டார்கள். 2000ஆம் ஆண்டுக்குப் பின் ஆற்றில் இயற்கையாக வந்த நீர் சராசரியாக 125 இலட்சம் ஏக்கர்-அடி அளவுக்குத்தான் இருந்திருக்கிறது. இல்லாத நீரை எழுத்தில் பகிர்ந்துகொண்டார்கள். என் ‘மூன்றில் இரண்டு’ விளக்கைப் போலத்தான்.

1935இல் திறக்கப்பட்ட ஹூவர் அணையின் மேல் நின்று மீட் ஏரியைப் பார்த்தோம். 221 மீட்டர் உயர அணை. அதன் பின்னால் பாறைச் சுவர்களில் நீர்மட்டத்துக்கு மேல் வெள்ளை வெளேரென்று ஒரு பட்டை ஓடியது. முன்பு நீர் நின்ற உயரம்வரை படிந்த சுண்ணாம்பு அது. அப்போது அந்தப் பட்டை 150 அடிக்கும் மேல். நம் பதினைந்து மாடிக் கட்டடத்தின் உயரம். 2021 ஆகஸ்ட்டில் அந்த ஆற்றுக்கு வரலாற்றிலேயே முதன்முறையாக நீர்ப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டதன் பொருள் அந்தப் பட்டையைப் பார்த்தபோதுதான் விளங்கியது. “இது அவங்க வாளியா தாத்தா?” என்று மகள் கேட்டாள். அப்பா தலையசைத்தார்.

ஊற்றி வரும் தண்ணீர்

மனத்தை உறுத்திய காட்சி அதற்குப் பிறகுதான் வந்தது. மானுமெண்ட் வேலியின் செம்பாறைக் கோபுரங்களைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அது நவஹோ மக்களின் தன்னாட்சி நிலம். அங்கே ஒரு நிரப்புமிடத்தில் சிறு பாரவண்டிகள் வரிசையில் நின்றன. ஒவ்வொன்றின் பின்புறமும் பெரிய பிளாஸ்டிக் தொட்டி. வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோக வந்தவர்கள். அந்நிலத்து வீடுகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குழாய்நீர் இல்லை என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 1922 பங்கீட்டின்போது பூர்வகுடி மக்களை யாரும் மேசைக்கு அழைக்கவில்லை. நாங்கள் திரும்பி வந்த மூன்று மாதத்தில், 2023 ஜூனில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஒரு தீர்ப்பு வழங்கியது. நவஹோ மக்களுக்கு நீர் கிடைக்க நடவடிக்கை எடுக்கும் கடமையை 1868ஆம் ஆண்டு உடன்படிக்கை அரசின்மீது சுமத்தவில்லை என்பது அதன் சாரம்.

நாங்கள் மூன்று நாள் விளையாட்டாக வாழ்ந்த வாழ்க்கையை அங்கே பலர் வாழ்நாள் முழுவதும் வாழ்கிறார்கள். அப்பா அந்த வரிசையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிறைவாக

போக விரும்பும் தம்பி தங்கைகளுக்குச் சில குறிப்புகள். மார்ச் முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை ஏற்ற காலம். கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டும். பகலில் இதமாக இருந்தாலும் இரவில் குளிரும். குடிநீரை ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் வீதம் தனியே வையுங்கள். தொட்டி விளக்கை நம்பாமல், செலவான நீரைத் தாளில் எழுதி வாருங்கள். வாடகை ஒப்பந்தத்தில் மண்பாதையில் ஓட்ட அனுமதி உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் வீட்டுப் பெரியவர் ஒருவரை அழைத்துப் போங்கள்.

நமக்கும் எழுத்தில் ஓடும் ஆறு உண்டு. ஜொகூரிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் காலன் நீர் பெற வழிசெய்யும் 1962 உடன்படிக்கை 2061இல் முடிகிறது. அதற்காகத்தான் 2003 முதல் நியூவாட்டர், கடல்நீர்ச் சுத்திகரிப்பு, நீர்த்தேக்கங்கள் என்று அரசு ஆயத்தமாகி வருகிறது. 2061இல் என் மகளுக்கு வயது நாற்பத்தேழு. இன்று பல்கலைக்கழகத்தில் இருக்கும் உங்களில் பலர் அப்போது என் அப்பாவின் வயதை நெருங்கியிருப்பீர்கள்.

திருக்குறள் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்திருப்பதை நாம் மேடைகளில் பெருமையாகப் பேசுகிறோம். நானும் பேசியிருக்கிறேன். அந்த வரிசையின் பொருளை, காற்றைத் துப்பிய ஒரு குழாயின் முன் நின்றபோதுதான் உணர்ந்தேன்.

அப்பாவின் வாளி இன்னும் எங்கள் குளியலறையில்தான் இருக்கிறது. அதை நகர்த்தச் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன். மகள் சனிக்கிழமைகளில் அதில்தான் குளிக்கிறாள். அரை வாளி போதும் என்கிறாள்.